அட்டையின் பின்பக்கத்தில் ஓர் ஊர்: டர்ஹாமும் பேஸ்பால் அட்டைகளும்

பழைய பேஸ்பால் அட்டையைக் கையில் எடுப்பவரின் கண் முதலில் வீரரின் முகத்துக்குத்தான் போகும். 1909 முதல் 1911 வரை அமெரிக்க சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்கப்பட்ட அட்டை, ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமும் இரண்டரை அங்குலத்தைச் சற்றே தாண்டிய உயரமும் உடையது. அதன் முன்பக்கத்தில் வண்ணக் கல்லச்சில் ஒரு வீரர் இருப்பார். கீழே அவர் பெயரும் அவர் ஆடிய அணியின் ஊரும் அச்சாகியிருக்கும். அட்டையைப் புரட்டினால் சிகரெட்டின் வணிகப் பெயர் தெரியும். பெரும்பாலானவற்றில் அந்தச் சிகரெட்டைத் தயாரித்த ஆலையின் எண்ணும், அந்த ஆலை எந்த மாநிலத்தின் எத்தனையாவது வரி மாவட்டத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கும். சேகரிப்பின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் முன்பக்கத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரத்தைப் பொறுத்தவரை, பின்பக்கத்திலிருந்து தொடங்கினால்தான் அந்த வரலாறு விளங்கும் என்பது என் கருத்து.

டர்ஹாமை இந்த ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1890-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் அங்கே வாழ்ந்தவர்கள் 5,485 பேர். 1910-இல் 18,241 பேர். நாட்டின் உயர்மட்டப் பேஸ்பால் தொடரான பெரிய லீக்கின் அணி எதுவும் அந்த ஊரில் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தும், ஒரு பொருளை வாங்கினால் ஒரு படம் கிடைக்கும், எல்லாப் படங்களும் சேரும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை நாடெங்கும் பரப்பியதில் இந்தச் சிற்றூரின் ஆலைகளுக்குப் பெரும் பங்குண்டு. அட்டை முதலில் ஆலையின் தேவையாகப் பிறந்தது. அது விளையாட்டு ரசிகரின் பொருளாக மாறியது பிற்பாடுதான்.

இயந்திரமும் மிகையும்

1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் இறுதியில், டர்ஹாம் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பென்னட் என்பவரின் பண்ணை வீட்டில் தென்தரப்புத் தளபதி ஜோசப் ஜான்ஸ்டன் வடதரப்புத் தளபதி வில்லியம் ஷெர்மனிடம் சரணடைவதற்கான பேச்சு நடந்தது. பேச்சு முடியக் காத்திருந்த இரு தரப்புப் படைவீரர்களும் அங்கிருந்த ஜான் கிரீனின் புகையிலைக் கிடங்கை அள்ளிக் காலி செய்தார்கள். ஊர் திரும்பிய பிறகு அதே புகையிலை வேண்டுமென்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். காளை உருவத்தை அடையாளமாகக் கொண்ட 'புல் டர்ஹாம்' புகையிலை நாடறிந்த சரக்கானது இப்படித்தான். பின்னாளில் அந்த நிறுவனம் பேஸ்பால் மைதானங்களின் வேலியில் மரத்தாலான பெரிய காளை உருவங்களை நிறுத்தி, அடித்த பந்தால் காளையைத் தொடும் ஆட்டக்காரருக்கு 50 டாலர் தருவதாக அறிவித்தது. இந்த ஊரின் புகையிலையும் அந்த விளையாட்டும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு அதுவே போதிய சான்று.

புல் டர்ஹாமின் புகழுக்கு முன்னால் நிற்க முடியாத ஒரு குடும்பம் அதே ஊரில் இருந்தது. போரிலிருந்து திரும்பிப் பண்ணையில் புகையிலை இடித்து விற்ற வாஷிங்டன் டியூக், 1874-இல் தன் பிள்ளைகளுடன் டர்ஹாமுக்குக் குடிவந்தார். அவர் மகன் ஜேம்ஸ் புக்கனன் டியூக், தூள் புகையிலையில் காளையோடு மோதிப் பயனில்லை என்று கண்டு, 1881-இல் சிகரெட்டுக்கு மாறினார். அக்காலத்தில் சிகரெட் கையால் சுற்றப்பட்டது. அதற்காக நியூயார்க்கிலிருந்து யூதக் குடியேறிகளான கைவினைஞர்கள் டர்ஹாமுக்கு அழைத்துவரப்பட்டார்கள். கை பழகிய ஒருவர் ஒரு நாளில் சுற்றக்கூடியது ஏறத்தாழ 3,000 சிகரெட்.

வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் 1881-இல் காப்புரிமை பெற்ற சிகரெட் இயந்திரத்தை மற்ற நிறுவனங்கள் நம்பாமல் தள்ளிவைத்தபோது டியூக் அதை வாடகைக்கு எடுத்தார். ஆலையின் இயந்திர நிபுணர்கள் பல மாதங்கள் அதோடு போராடி, 1884-இல் அதை முழு நாளும் தடையின்றி ஓடச் செய்தார்கள். பத்து மணி நேரத்தில் அது ஏறத்தாழ 1,20,000 சிகரெட்டைச் சுற்றித் தள்ளியது. நாற்பது பேரின் உழைப்பை ஒரே இயந்திரம் விழுங்கிய அந்த நாளிலிருந்து டியூக் நிறுவனத்தின் கவலை வேறாகிவிட்டது: சுற்றுவது எளிதாயிற்று, ஆனால் அவ்வளவையும் புகைப்பதற்கு நாட்டில் ஆள் இல்லை. சிகரெட் அப்போது நகரத்து இளைஞர்களின் புதுமோகமாக மட்டுமே இருந்தது. கிராமப்புற ஆண்கள் மெல்லும் புகையிலையையும் குழாயையும் விடவில்லை.

இந்த இடத்தில்தான் படம் வந்து சேர்கிறது. டியூக்கின் விற்பனையாளரான எட்வர்ட் ஃபெதர்ஸ்டன் ஸ்மால் 1884-இல் அட்லாண்டாவில் மேடம் ரியா என்ற மேடை நடிகையிடம் ஒப்புதல் பெற்று, அவர் கையில் சிகரெட் பெட்டியோடு நிற்கும் பெரிய படத்தை விளம்பரமாக்கினார். சரக்கு விற்றுத் தீர்ந்தது. சுவரில் ஒட்டிய படத்தை எவரும் வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. பெட்டிக்குள் வைக்கும் சிறு அட்டையையோ பையில் போட்டுக்கொள்ளலாம். மெல்லிய பெட்டி நசுங்காமலும் அது காக்கும். விளம்பரம், பாதுகாப்பு, பரிசு ஆகிய மூன்று வேலைகளை அந்த ஒரு துண்டு அட்டையே செய்தது. அட்டைக்கு எண்ணிட்டு, ஐம்பதோ இருபத்தைந்தோ சேர்ந்தால்தான் தொகுதி முழுமையாகும் என்று அறிவித்ததும், வாங்குபவரிடம் புகைக்கும் ஆசையோடு இன்னோர் ஆசையும் முளைத்தது. டியூக் நிறுவனம் 1889-ஆம் ஆண்டில் மட்டும் விளம்பரத்துக்கு 8 லட்சம் டாலர் செலவிட்டது. அந்தத் தொகையின் பெரும்பகுதி இந்த ஆசையை வளர்ப்பதற்கே போயிற்று என்று கருதுவதில் தவறிருக்காது.

டியூக்கின் அட்டைகளில் விளையாட்டு

டர்ஹாமின் டியூக் நிறுவனம் வெளியிட்ட அட்டைகளில் பேஸ்பால் தொடக்கத்தில் சிறு இடத்தையே பெற்றிருந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நடிகைகள், அரசர்கள், கொடிகள், கப்பல்கள் ஆகியவையே டியூக்கின் தொகுதிகளில் நிறைந்திருந்தன. பேஸ்பால் வீரர்களை அட்டையில் ஏற்றியதில் முந்தியவர்கள் போட்டியாளர்களே. ரிச்மண்டின் ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் 1887-இல் வெளியிட்ட உலக வாகையர் தொகுதியின் 50 அட்டைகளில் 10 அட்டைகள் பேஸ்பால் வீரர்களுடையவை. நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 'ஓல்டு ஜட்ஜ்' சிகரெட்டோடு நூற்றுக்கணக்கான வீரர்களின் புகைப்படங்களை அட்டையில் ஒட்டித் தந்தது. அவற்றில் பல, நூலில் தொங்கவிட்ட பந்தை வீரர் பிடிப்பதுபோல நிலையத்துக்குள் எடுத்த படங்கள்.

டியூக் நிறுவனம் இந்த வரிசைக்குப் பிந்தியே வந்தது. 'டாக் ஆஃப் தி டைமண்டு' என்ற 25 அட்டைத் தொகுதியில் பெயருள்ள வீரர் எவரும் இல்லை. மைதானத்துச் சொற்களை வைத்து வரைந்த வேடிக்கைப் படங்களே இருந்தன. 1890-களின் நடுவில், சிறு பெட்டிக்குள் அடங்காத பெரிய அளவில், 'ஆனஸ்ட் லாங் கட்' புகையிலைக்காக வெளியான வண்ணப் படங்களில்தான் ஜார்ஜ் டேவிஸ், எட் டெலஹான்டி, பில்லி நாஷ், வில்பர்ட் ராபின்சன் ஆகிய நான்கு உண்மையான வீரர்கள் இடம்பெற்றார்கள். இன்று டியூக் பெயர் தாங்கிய பேஸ்பால் படங்களைத் தேடுவோர் இந்த நால்வரையே முதலில் தேடுகிறார்கள்.

இந்தப் படங்களை எதிர்த்த முதல் குரல்களில் ஒன்று அந்தக் குடும்பத்துக்குள்ளிருந்தே எழுந்தது. தீவிர மெதடிஸ்ட் கிறித்தவரான வாஷிங்டன் டியூக், 1894 அக்டோபரில் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், சிகரெட்டோடு பெண்களின் ஆபாசமான படங்களை அனுப்புவது இளைஞர்களைக் கெடுக்கிறது என்று வருந்தி, அந்த வழக்கத்தை நிறுத்துமாறு வேண்டினார். சேகரிப்பு அதற்குள் சிறுவர்களிடம் பரவிவிட்டது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. கணக்கேடுகள் எத்தனை பெட்டி விற்றன என்று சொல்லும். அதற்குள்ளிருந்த படம் யார் கைக்குப் போயிற்று என்பதைச் சொல்ல, ஒரு தந்தையின் கவலை வேண்டியிருக்கிறது.

ஏகபோகத்தின் அமைதியும் 1909-இன் வெள்ளமும்

1890-இல் டியூக், ஆலன் அண்ட் ஜின்டர், குட்வின், கின்னி, கிம்பால் ஆகிய ஐந்து நிறுவனங்களும் இணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி உருவானது. அதன் தலைவர் ஜேம்ஸ் டியூக். முன்பு படங்களால் மோதிக்கொண்ட ஐவரும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். படத்துக்குச் செலவிட வேண்டிய கட்டாயம் மெல்லக் குறைந்து, 1890-களின் பிற்பகுதியில் பேஸ்பால் அட்டைகள் ஏறக்குறைய மறைந்தே போயின. அடுத்த பத்தாண்டுகளில் வளர்ந்த சிறுவர்களுக்கு, அண்ணன்மார் சேர்த்த அட்டைகளைப் பார்க்கத்தான் கொடுத்துவைத்தது. போட்டி இருந்தபோது அட்டை வந்தது, போட்டி ஒழிந்தபோது அட்டையும் ஒழிந்தது என்ற இந்த ஒழுங்கு, பின்வரும் காலத்திலும் ஏறக்குறைய அப்படியே திரும்ப நிகழ்ந்தது.

1907-இல் கூட்டரசு இந்த ஏகபோகத்தை உடைக்க வழக்குத் தொடுத்தது. துருக்கிப் புகையிலையைக் கலந்து விற்ற தனி நிறுவனங்களும் சந்தையைக் கடிக்கத் தொடங்கின. 1909-இல் அட்டைகள் திரும்பி வந்தபோது வெள்ளம்போல வந்தன. பின்னாளில் டி-206 என்று பெயர் பெற்ற தொகுதியில் 524 அட்டைகள். அவை 16 வணிகப் பெயர்களில் வெளியாயின. பீட்மாண்ட், ஸ்வீட் கப்போரல், ஓல்டு மில், போலார் பேர், சவரின், சைக்கிள் என்று நீளும் அந்த வரிசையில் 'இந்து' என்ற பெயரிலும் ஒரு சிகரெட் உண்டு. கீழைநாட்டுப் பெயர்கள் புகையிலைக்கு மதிப்பைக் கூட்டும் என்று வணிகர்கள் எண்ணிய காலம் அது. பீட்மாண்ட் என்பதோ உள்ளூர்ப் பெயர்: டர்ஹாம் அமைந்திருக்கும் மேட்டுநிலப் பரப்பின் பெயரே அது.

அட்டைகள் நியூயார்க்கில், அமெரிக்கன் லித்தோகிராஃபிக் நிறுவனத்தில் அச்சாகி, தென்மாநில ஆலைகளுக்கு வந்து பெட்டிக்குள் ஏறின. பீட்மாண்ட் அட்டைகளில் பெரும்பாலானவை வர்ஜீனியாவின் 2-ஆம் மாவட்டத்து 25-ஆம் எண் ஆலையைக் குறிக்கின்றன. சிலவற்றில் மட்டும் வட கரோலினாவின் 4-ஆம் மாவட்டத்து 42-ஆம் எண் ஆலை என்ற குறிப்பு காணப்படுகிறது. ஒரே வீரர், ஒரே படம், ஒரே சிகரெட். ஆலை எண் மட்டும் வேறு. பின்பக்கங்களைச் சேகரிப்போர் என்று தனியாக ஒரு கூட்டமே உருவாகி, இந்த வேறுபாட்டுக்காகவே ஆண்டுக்கணக்கில் தேடுகிறார்கள். அவர்கள் செய்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. எந்த ஆலையிலிருந்து எந்தக் காலத்தில் எந்தப் படங்கள் வெளியேறின என்று அவர்கள் பொறுமையாகத் தொகுத்த அட்டவணைகள், நிறுவனத்தின் ஆவணங்கள் சொல்லாமல் விட்ட விநியோக வரலாற்றை மீட்டுத் தந்திருக்கின்றன.

தென்மாநில வாடிக்கையாளர்களுக்காக இந்தத் தொகுதியில் தனியே 48 அட்டைகள் சேர்க்கப்பட்டன. சதர்ன் அசோசியேஷன், சவுத் அட்லாண்டிக், டெக்சாஸ், வர்ஜீனியா ஆகிய, பெரிய லீக்குக்குக் கீழ்நிலையிலுள்ள சிறு லீக்குகளில் ஆடியவர்களின் படங்கள் அவை. 1910-இல் ஓல்டு மில் சிகரெட் இன்னும் ஒரு படி மேலே போய், சிவப்பு விளிம்புக்குள் கறுப்பு வெள்ளைப் படத்தோடு, எட்டு வரிசைகளில் 640 தென்மாநிலச் சிறு லீக் வீரர்களை வெளியிட்டது. அதே ஆண்டில், வட கரோலினாவின் ஓடை ஒன்றின் பெயரைத் தாங்கிய கன்டென்ட்னியா சிகரெட்டும் வர்ஜீனியா, கரோலினா லீக்குகளின் வீரர்களை அட்டையில் ஏற்றியது. கிரீன்வில், ஸ்பார்டன்பர்க், ஷார்லட், ராலி, வில்சன், கோல்ட்ஸ்பரோ போன்ற ஊர்களின் சிறுவர்கள், நேற்று மாலை மைதானத்தில் பார்த்த ஆளை இன்று காலை சிகரெட் பெட்டிக்குள் காணும் வாய்ப்பைப் பெற்றார்கள். பெரிய நகரங்களின் சேகரிப்பு வரலாற்றில் இதற்கு இணையான நெருக்கம் கிடையாது. அந்த 640 பேரில் பெரும்பாலானோரின் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை. நியூ ஆர்லியன்ஸ் அணியின் ஜோ ஜாக்சனும், கென்டக்கி மாநிலத்து மேஸ்வில் அணியின் கேசி ஸ்டெங்கலும் மட்டுமே பிற்பாடு நாடறிந்தவர்கள் ஆனார்கள்.

டர்ஹாம் இந்த 640 பேரின் ஊர்ப் பட்டியலில் இல்லை. 'டொபாக்கனிஸ்ட்ஸ்' என்ற பெயரில் 1902-இல் தொடங்கிய ஊர் அணி அந்த ஆண்டிலேயே லீக்கோடு சேர்ந்து கலைந்துபோனது. காளையின் பெயரைச் சூடிய 'டர்ஹாம் புல்ஸ்' 1913-இல்தான் வட கரோலினா மாநில லீக்கில் களமிறங்கியது. அதற்குள் அட்டைகளின் பெருவெள்ளம் வடிந்துவிட்டது. ஆலைகள் நிறைந்த அந்த ஊரின் சிறுவன் ராலிக்காரனையும் ரிச்மண்ட்காரனையும் சேர்த்தானே ஒழிய, தன் ஊர்க்காரன் ஒருவனைக்கூடச் சேர்க்க முடியவில்லை. தன் ஊரை அவன் தேட வேண்டிய இடம் பின்பக்கத்து வரி மாவட்டக் குறிப்புதான்.

அவன் அட்டையைப் பெற்ற வழி எளியது. புகையிலைக் கடை வாசலில் நின்று, பெட்டியைப் பிரிக்கும் ஆண்களிடம் படத்தைக் கேட்பது தென்மாநிலச் சிறுவர்கள் எல்லோருக்கும் பழகிய வேலை. கிடைத்த அட்டைகள் சுருட்டுப் பெட்டிக்குள் போயின. சில, கணக்கு நோட்டில் மாவுப் பசையால் ஒட்டப்பட்டன. பசை தடவிய பின்பக்கம் அழிந்தது. ஆலை எண்ணும் அதோடு போயிற்று. இன்று சேகரிப்பாளர்கள் அத்தகைய நோட்டுகளை நீரில் ஊறவைத்து, அட்டையை மெல்ல உரித்தெடுக்கும்போது, பின்பக்கம் பிழைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். டர்ஹாம் ஆலைகளில் இலையின் நரம்பை உரித்துப் பிரிக்கும் கடினமான வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், அவர்களிலும் பெண்கள். ரயில் பாதைக்குத் தெற்கே அவர்களின் குடியிருப்பான ஹேட்டி, சொந்தக் கடைகளும் திருச்சபைகளும் கொண்ட நகரமாக வளர்ந்தது. 1898-இல் தொடங்கிய நார்த் கரோலினா மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனமும் டர்ஹாமின் கறுப்பின மக்கள் கட்டியெழுப்பியதே. தொழில்முறை பேஸ்பாலோ 1880-களின் இறுதியிலிருந்து கறுப்பின வீரர்களுக்குக் கதவை அடைத்திருந்தது. ஆகவே டி-206-இன் 524 அட்டைகளிலும் ஓல்டு மில்லின் 640 அட்டைகளிலும் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஒருவரும் இல்லை. அந்தப் பெட்டிகளுக்கான இலையைப் பதம் செய்த கைகளுக்குரியவர்களின் பிள்ளைகள், தங்களைப் போன்ற முகம் ஒன்றைக்கூட அந்தப் பெட்டிக்குள் காணவில்லை.

தீர்ப்பும் ஒட்டகமும்

1911 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் டொபாக்கோவைக் கலைக்கத் தீர்ப்பளித்தது. டர்ஹாம் ஆலைகள் புதிய அமெரிக்கன் டொபாக்கோவுக்கும் லிகெட் அண்ட் மையர்ஸுக்கும் பிரிந்து போயின. போட்டி மீண்டதால் அட்டைகள் பெருகியிருக்க வேண்டும்; சில ஆண்டுகள் தொடரவும் செய்தன. ஆனால் 1913-இல் அண்டை நகரான வின்ஸ்டன்-சேலத்திலிருந்து ஆர்.ஜே. ரெனால்ட்ஸ், ஒட்டகத்தைப் பெயராகக் கொண்ட 'கேமல்' சிகரெட்டைக் கொண்டுவந்தார். இதில் கலந்திருக்கும் புகையிலையின் விலை காரணமாகப் பரிசோ கூப்பனோ தர இயலாது, அவற்றைத் தேட வேண்டாம் என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். பெட்டிக்குள் எதுவும் இல்லை என்பதையே அந்தச் சிகரெட் தன் தரத்துக்குச் சான்றாக நிறுத்தியது. நாடு அதை ஏற்றது. படமே இல்லாத ஒட்டகம் சந்தையைப் பிடித்ததும், பழைய வழக்கத்தைத் தொடரப் பிறருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. முதல் உலகப் போர் எஞ்சியதையும் முடித்துவைத்தது.

அதன் பிறகு பேஸ்பால் அட்டை மிட்டாய்க்காரர்களின் கைக்கு மாறி வடக்கே போய்விட்டது. 1933-இல் பாஸ்டனின் கௌடி, 1948-இல் பிலடெல்பியாவின் போமன், 1952 முதல் புரூக்ளினின் டாப்ஸ் ஆகியவை பபிள்கம்மோடு அட்டையை விற்றன. டர்ஹாமில் தயாரான செஸ்டர்ஃபீல்டு சிகரெட்டின் விளம்பரங்களில் பேஸ்பால் நட்சத்திரங்களான டெட் வில்லியம்ஸும் ஸ்டான் மியூசியலும் தோன்றினார்கள்; அவை பத்திரிகையின் பக்கங்களில் நின்றுவிட்டன, பெட்டிக்குள் வரவில்லை. பழைய சிகரெட் அட்டைகளுக்கு ஒழுங்கான பெயரும் எண்ணும் கொடுத்தவர் நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸ் நகரின் ஜெஃபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் கைகள் வளைந்துபோன அந்த மனிதர் 1939-இல் முதல் பட்டியலை வெளியிட்டு, பின்னர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு ஒப்படைத்து, அவற்றை ஆல்பங்களில் ஒட்டி முடித்த சில வாரங்களில், 1963-இல் இறந்தார். டி-206 என்ற குறி அவர் இட்டதே.

முன்பக்கத்தில் டர்ஹாம்

அட்டை டர்ஹாமுக்குத் திரும்பி வந்தது ஆட்டத்தின் வழியாக. 1957-இல் பபா மார்ட்டனும் டெட் ரிச்சர்ட்சனும் டர்ஹாம் புல்ஸ் அணிக்காக ஆடிய முதல் கறுப்பின வீரர்கள் ஆனார்கள். 1963-இல், பத்தொன்பது வயது ஜோ மார்கன் பெரிய லீக்கின் ஹூஸ்டன் அணி வளர்த்துவந்த இளம் வீரராக டர்ஹாம் புல்ஸுக்கு வந்தார். கலிபோர்னியாவில் வளர்ந்த அவர், நிறத்தால் பிரிக்கப்பட்ட இருக்கைகளையும் குடிநீர்க் குழாய்களையும் கரோலினா மைதானங்களில்தான் முதன்முதலாக நேரில் கண்டு, ஆட்டத்தை விட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று எண்ணியதைப் பின்னர் எழுதியிருக்கிறார். அவர் போகவில்லை. 1965-இல் டாப்ஸ் வெளியிட்ட 16-ஆம் எண் அட்டையில் சோனி ஜாக்சனோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு அவர் தோன்றினார். டர்ஹாமின் வெயிலில் அவர் ஆட்டத்தைக் கண்ட சிறுவன் ஒருவன், இரண்டு ஆண்டு கழித்து ஐந்து சென்ட் பொதியில் அவரைக் கண்டெடுத்திருக்கக்கூடும். 1990-இல் மார்கன் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். டர்ஹாம் புல்ஸ் அவர் அணிந்த 18-ஆம் எண்ணை வேறு எவருக்கும் தருவதில்லை.

இடையில் ஊரின் அணியே இல்லாமல் போய், 1980-இல் மீண்டது. அந்தப் பத்தாண்டில் அட்டை வணிகமும் வீங்கியது. டாப்ஸின் தனியுரிமையை உடைத்து 1981-இல் ஃபிளியரும் டான்ரஸும் வந்தன. 1989-இல் அப்பர் டெக் வந்தது. சிறு லீக் அணிகளின் தொகுதிகள் மைதானங்களிலேயே விற்பனைக்கு வந்தன. மீண்டும் போட்டி, மீண்டும் வெள்ளம். 1884-இன் இயந்திரம் சிகரெட்டில் செய்ததை இந்தமுறை அச்சகங்கள் அட்டையிலேயே செய்தன. எதிர்காலச் செல்வம் என்று நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியவர்கள், 1994-இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் பருவமே பாதியில் நின்றபோது, எல்லோரிடமும் இருக்கும் பொருளை வாங்க எவரும் இல்லை என்பதை உணர்ந்தார்கள். டர்ஹாமிலோ, 1987-இல் அமெரிக்கன் டொபாக்கோ தன் ஆலையை மூடியிருந்தது. 1995-இல் புல்ஸ் அணியின் புதிய மைதானம் அந்த வெறுமையான செங்கல் கட்டடங்களுக்கு எதிரே திறக்கப்பட்டது. 2004 முதல் அந்த ஆலை வளாகம் அலுவலகங்களும் உணவகங்களுமாக இயங்குகிறது. 'லக்கி ஸ்டிரைக்' என்ற சிகரெட் பெயரை எழுதிய நீர்த்தொட்டியை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

சேகரிப்பின் உச்ச விலைகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. டி-206-இல் இடம்பெற்ற வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அந்த வகையில் மிகப் புகழ்பெற்ற பிரதியின் பின்பக்கத்தில் இருப்பது பீட்மாண்ட் என்ற பெயர். அதன் விளிம்பைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக அதை விற்ற வணிகர் 2013-இல் ஒப்புக்கொண்டார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது டர்ஹாமிலுள்ள டியூக் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்திருக்கும் வேலை. டியூக் குடும்பத்தின் கொடையால் வளர்ந்த அந்தப் பல்கலைக்கழகம், அந்த நிறுவனத்தின் ஆவணங்களையும் அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் பாதுகாத்து, பலவற்றை எண்மப் படங்களாகவும் திறந்து வைத்திருக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்தே பார்க்கக் கிடைப்பதால், எவரும் இன்று அந்த வரலாற்றைச் சரிபார்க்கலாம்.

2016-இல் அமெரிக்கத் தென்பகுதிச் சிற்றூர் ஒன்றில், ஒரு குடும்பத்தினர் கொள்ளுத் தாத்தா பாட்டியின் சிதைந்த வீட்டைத் துப்புரவு செய்தபோது, கசங்கிய காகிதப் பை ஒன்று குப்பைக்குப் போக இருந்தது. உள்ளே பழைய தாள்களோடு ஏழு அட்டைகள் இருந்தன. ஏழிலும் சிவப்புப் பின்னணியில், ஜார்ஜியாவைச் சேர்ந்த நட்சத்திர வீரர் டை காப்பின் முகம். டி-206 தொகுதியில் அதிகம் கிடைக்கும் படங்களில் ஒன்று அது. பீட்மாண்ட் பெயரோடும் ஸ்வீட் கப்போரல் பெயரோடும் அதே முகம் ஏராளமாகப் புழங்குகிறது. சான்றளிக்கும் நிபுணர்கள் அட்டைகளைப் புரட்டிய பிறகே இந்த ஏழின் மதிப்பு தெரிந்தது. டை காப் பெயரிலேயே வெளிவந்த, அதிகம் விற்காமல் மறைந்த புகையிலை ஒன்றின் விளம்பரம் பின்பக்கத்தில் இருந்தது. அதுவரை உலகில் அறியப்பட்டிருந்த பிரதிகள் ஏறத்தாழ பதினைந்துதான். அந்த விளம்பரத்தின் கீழே, டர்ஹாமுக்கு வடமேற்கே ரீட்ஸ்வில் என்ற சிற்றூரில் இயங்கிய ஆலையின் அடையாளம் அச்சாகியிருந்தது: ஆலை எண் 33, 4-ஆம் மாவட்டம், வட கரோலினா.